மாத்திரை அட்டையும் ஒரு குயர் நோட்டும்

கொரோனா ஊரடங்கு தொடங்கிய 2020-இல், ஏப்ரல் முதல் வாரத்தில் எடுத்த போட்டோ ஒன்று இன்னும் என் போனில் இருக்கிறது. ஊர் மந்தையில் முப்பத்திரண்டு அரிசிப் பைகளை வரிசையாக அடுக்கியிருக்கிறோம். பின்னால் நாங்கள் ஒன்பது பேர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, தோள்மேல் கை போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. அடுக்கியிருந்த பைகளில் பாதி, அரிசி தேவைப்படாத வீடுகளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

நான் ஜீப் ஓட்டுகிறவன். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர்ப் பக்கம் எங்கள் ஊர். சீசனில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு பூம்பாறை, மன்னவனூர் ஏரி என்று காட்டிவிட்டு வருவேன். சீசன் இல்லாதபோது பூண்டு மூட்டை, கேரட் மூட்டை ஏற்றுவேன். ஏப்ரலும் மேயும் ஓடுவதில்தான் வருஷத்துச் சாப்பாடு. மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்குத் தமிழ்நாடு முழுக்க 144 போட்டார்கள், மறுநாள் நாடே அடைத்துவிட்டது. வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கை சும்மா இருக்கவில்லை. 'ஊருக்கு ஏதாவது செய்வோம்டா' என்று கிளம்பினோம். யோசிக்காமல் கிளம்பினால் அரிசியில்தான் போய் நிற்போம் போலிருக்கிறது. ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் போட்டு அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கிவிட்டோம்.

அதே வாரம்தான் ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் இலவசமாகப் போட்டார்கள், கார்டுக்கு 1,000 ரூபாயும் கொடுத்தார்கள். கட்சிக்காரர்கள் ஒரு பை கொடுத்தார்கள். கோயில் கமிட்டி ஒரு பை. ரோட்டோரத்து வீடுகளில் அரிசி மேல் அரிசியாகச் சேர்ந்துவிட்டது. ஒரு வீட்டில் கோழிக்கு இறைத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். வண்டி போகாத கடைசித் தெருவில் ஒரு அப்பத்தா மட்டும் நாங்கள் நீட்டிய பையை வாங்காமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது.

"அரிசி கெடக்குப்பா. பிரசர் மாத்திரை தீந்து நாலு நாளாச்சு. கிறுகிறுன்னு வருது. அதுக்கு ஒரு வழியச் சொல்லு."

சொல்ல என்னிடம் வழி இல்லை. கொடைக்கானல் மருந்துக் கடைக்கு எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர். கிளாவரை பஸ் நின்று பத்து நாள் ஆகியிருந்தது. தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த வண்டி அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

எங்கள் ஊரில் மகளிர் சுய உதவிக் குழு நடத்தும் அக்கா ஒருவர் இருக்கிறார். அன்று ராத்திரி அவரிடம் போய் அப்பத்தா சொன்னதைச் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு குயர் கோடு போட்ட நோட்டை எடுத்துவந்து முன்னால் போட்டார். "மொதல்ல எழுதுவோம் தம்பி. அப்பறம் குடுக்குறதப் பாப்போம்" என்றார். குழுக் கணக்கு எழுதி எழுதிப் பழகிய கை. யார் வீட்டில் எத்தனை பேர், யார் மருமகள் பிள்ளைத்தாச்சி, எந்த வீட்டுக்காரர் குடித்துவிட்டுக் காசை அழிப்பார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஊரில் உதவி செய்யக் கிளம்புகிற எவரும் முதலில் தேட வேண்டிய ஆள் இப்படிப்பட்டவர்தான். நாங்கள் ஒன்பது ஆம்பளைகளும் அவரைக் கேட்காமல் பத்து நாளை ஓட்டியிருந்தோம்.

இரண்டு சாயங்காலத்தில் 140 சொச்சம் வீடு எழுதி முடித்தோம். முதல் நாள் நான் ஒரு தப்புச் செய்தேன். வாசலில் நின்று "என்ன வேணும்?" என்று கேட்டேன். எங்கள் ஊர்க்காரர்கள் மானஸ்தர்கள். "ஒண்ணும் வேணாம்ப்பா, நல்லாருக்கோம்" என்றுதான் பதில் வந்தது. அக்கா கேட்ட விதம் வேறு. "எண்ணெ எத்தன நாளைக்கு வரும்? கேஸ் எப்ப மாத்துனீங்க? மாமா சாப்புடுற மாத்திர அட்டையக் கொண்டா, பாப்போம்." இப்படிக் கேட்டபோது ஒருவரும் மறைக்கவில்லை. வேண்டும் என்று சொல்லத்தான் கூச்சம். எண்ணெய் மூன்று நாளைக்குத்தான் வரும் என்பது வெறும் கணக்கு, அதைச் சொல்ல யாருக்கும் கஷ்டமில்லை.

நோட்டில் ஒரு வீட்டுக்கு அரைப் பக்கம். ஆட்கள் எத்தனை, அறுபது தாண்டியவர் யார், தினமும் சாப்பிடும் மாத்திரை என்ன, எந்தத் தேதியில் தீரும், கர்ப்பிணி இருந்தால் பிரசவத் தேதி, போன் நம்பர். எங்கள் பக்கம் சிக்னல் எல்லா வீட்டிலும் கிடைக்காது. அதனால் 'போன் எடுக்காவிட்டால் யார் போய்க் கதவைத் தட்டுவது' என்று பக்கத்து வீட்டுப் பெயரையும் எழுதினோம். பின்னால் ஆபத்துக்கு உதவியது இந்தக் கடைசிக் கட்டம்தான். பெண்களுக்கான சாமான் தேவைப்படும் வீட்டுக்கு அக்கா பென்சிலால் ஓரத்தில் ஒரு பொட்டு வைப்பார். நான் நாப்கின் பாக்கெட்டுகளை மொத்தமாக வாங்கிவந்து அக்கா வீட்டில் இறக்கிவிடுவேன், அவ்வளவுதான். யாருக்கு எத்தனை என்பது எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. முதல் அரிசிப் பட்டியலில் ஒன்பது பேரில் ஒருவனுக்குக்கூட அது தோன்றவில்லை பாருங்கள்.

செவ்வாயும் வெள்ளியும் வண்டி கொடைக்கானலுக்குப் போகும் என்று கோயில் மைக்கில் சொல்லிவிட்டோம். நாளை நிச்சயப்படுத்தியதே பாதிச் சிக்கலைத் தீர்த்தது. அதற்குமுன் ஆளாளுக்கு ஒரு நேரத்தில் போன் அடித்து, ஒரு மாத்திரைக்காக ஒரு தடவை மலை ஏறி இறங்க வேண்டியிருந்தது.

மாத்திரை விஷயத்தில் நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் டிரிப்பில் ஒரு துண்டுச் சீட்டில் பெயர் எழுதிக்கொண்டு போனேன். 'சித்தப்பா - சுகர் மாத்திரை - வெள்ளை'. கடைக்காரர் சிரித்துவிட்டார். சுகர் மாத்திரை எல்லாமே வெள்ளைதானாம். ஒருவழியாகப் பெயரை ஒப்பேற்றி வாங்கிவந்தேன். நர்சம்மா பார்த்துவிட்டு, "இவர் சாப்புடுறது மெட்ஃபார்மின் 500. நீங்க 1000 வாங்கிட்டு வந்துருக்கீங்க" என்றார். நல்லவேளை, சித்தப்பா அதுவரை அட்டையைப் பிரிக்கவில்லை. அன்றிலிருந்து வாய்வார்த்தைக்கு இடமில்லை. தீர்ந்த மாத்திரை அட்டை, டாக்டர் சீட்டு, காசு மூன்றையும் ஒரே கவரில் போட்டு, மேலே பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். சீட்டு இல்லையென்றால் வண்டியில் ஏற்றமாட்டேன். நர்சம்மாவிடம் காட்டி வாங்கிவரச் சொல்வேன். அட்டையைக் கத்தரிக்கும்போது மருந்தின் பெயரும் மில்லிகிராமும் உள்ள பக்கம் போய்விடாமல் பார்க்கவும் சொன்னோம். சிலர் ஒரே ஒரு மாத்திரைக் குழியை மட்டும் வெட்டிக் கொடுப்பார்கள், அதில் கம்பெனி பெயரின் கடைசி இரண்டு எழுத்துதான் இருக்கும்.

நோட்டில் சில பெயர்களைச் சிவப்பு மையால் சுழித்து வைத்திருந்தோம். வலிப்பு மாத்திரை, டிபி மாத்திரை, இதய மாத்திரை, இன்சுலின். பிரசர் மாத்திரை இரண்டு நாள் தள்ளிப் போவதும் நல்லதில்லைதான், ஆனால் வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு உடனே திரும்பி வரலாம் என்று நர்சம்மா எச்சரித்திருந்தார். இந்தச் சுழித்த பெயர்களுக்குத் தீருவதற்குப் பத்து நாள் முன்பே வாங்கிவிடுவோம். பிரசருக்கும் சுகருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரண்டு மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுக்க ஆரம்பித்ததும் என் பாரம் பாதியாகக் குறைந்தது.

இன்சுலின் கதை தனி. கொடைக்கானலில் கிடைக்காத ஒரு வகையை வத்தலக்குண்டிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. ஏப்ரல் வெயில், கீழே அனல். புத்திசாலித்தனமாக நினைத்துக்கொண்டு ஃபிளாஸ்க்கில் ஐஸைப் போட்டு அதற்குள்ளேயே குப்பியைச் சொருகிவந்தேன். அது உறைந்துபோய், மருந்து வீண். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாதாம், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டுமாம். அடுத்த தடவை ஐஸைத் தனிப் பையில் கட்டி, நடுவில் ஒரு துண்டை மடித்து வைத்து, அதற்குமேல் குப்பியை வைத்தேன். ஊருக்குள் வந்துவிட்டால் கவலை இல்லை. பிரித்த குப்பியை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் நான்கு வாரம் வரை வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம். குளிர்ந்த இடத்துக்கு எங்கள் வீடுகளில் என்ன குறை!

பாஸ் வாங்குவதில் பட்டதைச் சொல்லப்போனால் அது வேறு கதையாகிவிடும். இன்று கொடைக்கானலுக்கு இ-பாஸ் என்றால் சுற்றுலாக்காரர்கள் மேலே வருவதற்கு என்று ஆகிவிட்டது. 2024 மே 7-இலிருந்து அந்த நடைமுறை. அன்று நாங்கள் கீழே இறங்குவதற்குப் பாஸுக்கு அலைந்தோம். கடைசியில் கேரட்தான் வழி காட்டியது.

என் மச்சான் தோட்டத்தில் கேரட் விளைந்து நின்றது. காய்கறி வண்டிக்குத் தடை இல்லை என்று சொன்னார்கள், ஆனால் சந்தையில் இறக்க ஆளில்லை. டிரைவர்களுக்கு வழியில் ஒரு டீக்கடைகூடத் திறந்திருக்காததால் லாரிக்காரர்கள் வர யோசித்தார்கள். வந்தவர்கள் கேட்ட விலைக்குப் பிடுங்குகிற கூலிகூடத் தேறாது. பூண்டு போட்டவர்கள் தப்பித்தார்கள். மலைப்பூண்டைக் கட்டி, புகையில் தொங்கவிட்டுவிட்டால் மாதக்கணக்கில் கெடாது, வடுகப்பட்டிச் சந்தை திறக்கும்போது விற்றுக்கொள்ளலாம். கேரட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மாட்டுக்குப் போட்டோம். ஒரு அளவுக்குமேல் மாடும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

முந்தின வருஷம் என் ஜீப்பில் குடும்பத்தோடு சுற்றிப் பார்த்த மதுரைக்காரர் ஒருவர் நம்பர் போனில் இருந்தது. அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் அறுபது வீடு. கூப்பிட்டுக் கேட்டேன், மறுநாளே ஆர்டர் வந்துவிட்டது. கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பீட்ரூட், ஒரு பிடி பூண்டு, எல்லாம் சேர்த்து ஒரு பை 150 ரூபாய். மச்சானும் இன்னும் நான்கு பேரும் பை கட்டினார்கள். காய்கறி இறங்கும் வண்டிக்குப் பாஸ் சுலபமாகக் கிடைத்தது, திரும்பி ஏறும்போது அதே வண்டியில் மருந்து வந்தது. டீசல் காசைக் கேரட் கட்டிவிட்டதால் மருந்துக்கு யாரிடமும் வண்டி வாடகை கேட்கவில்லை. நன்கொடையை நம்பி ஓடியிருந்தால் மூன்று வாரத்தில் நின்றிருப்போம்.

கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வரவு செலவை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு தாளில் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டினோம். அப்படியும் 350 ரூபாய் டீசலுக்கு ஒரு சண்டை வந்தது. அந்த டிரிப்பில் என் சொந்தச் சாமான் இரண்டு மூட்டை வந்ததை ஒருவர் பார்த்திருக்கிறார். அவர் கேட்டது நியாயம்தான், நான் தனியாக எழுதாதது தப்பு. ஆனால் கோபத்தில் இரண்டு நாள் வண்டி எடுக்கவில்லை. அந்த இரண்டு நாளில் ஒன்று செவ்வாய்க்கிழமை. அக்கா வந்து நன்றாகத் திட்டிவிட்டுப் போனார்.

எங்களுக்கு மேலே, சோலையை ஒட்டிப் பளியர் பழங்குடியினர் குடியிருப்பு ஒன்று உண்டு. அரிசியைத் தூக்கிக்கொண்டு அங்கேயும் போனோம். பாதி வழியிலேயே ஒரு பெரியவர் பாறைமேல் நின்று கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "நாங்க எறங்கி வரல. நீங்களும் ஏறி வராதீங்க. இந்தப் பாறைகிட்ட வச்சிட்டுக் குரல் குடுங்க, வந்து எடுத்துக்குறோம்." டிவியில் தினமும் சொல்லியும் எங்கள் மந்தையில் எவனும் கேட்காத பாடத்தை அவர்கள் தாங்களாகவே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். என்ன தேவை என்று தள்ளி நின்றே கேட்டோம். உப்பு, தீப்பெட்டி, டார்ச் பேட்டரி. அப்புறம் அவர் கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை: "தோட்ட வேல எப்பத் தொறக்கும்?" ரேஷன் கார்டு இல்லாத மூன்று குடும்பங்கள் இருப்பதும் அன்றுதான் தெரிந்தது. அதற்கு மனு எழுதி, அலைந்து, வாங்க ஐந்து மாதம் ஆனது. பை கொடுப்பதைவிட இதற்குத்தான் அதிகம் நடந்தோம்.

அந்த ஏப்ரல் கடைசியில் எங்கள் ஊர் ஒரு கெட்ட காரியமும் செய்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலிருந்து பையன்கள் திரும்பி வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஊர் எல்லையில் மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். நானும் ஒரு கை பிடித்தேன். மூன்றாம் நாள் ராத்திரி ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தது. மேகம் இறங்கி, முன்னால் பத்தடிகூடத் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள், என் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் மரத்தை நாங்களே இழுத்துப் போட்டோம். அடுத்த ஊரில் அவர்கள் போட்ட மரம் கிடந்தது. இறங்கிப் போய்க் கத்திக் கூப்பிட்டு, ஆட்கள் எழுந்து வந்து நகர்த்த இருபது நிமிஷம். உள்ளே அந்தப் பெண் என் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள், சீட் குலுங்கிக்கொண்டே இருந்தது. பிள்ளை ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது, இரண்டு பேரும் நலம். திரும்பி வந்ததும் மரத்தை அறுத்து விறகாக்கிவிட்டோம். அதற்குப்பின் பிரசவத் தேதி நெருங்கினவர்களை ஒரு வாரம் முன்பே கொடைக்கானலில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டோம்.

திரும்பி வந்த பையன்களை எங்கே வைப்பது? எங்கள் வீடுகள் ஒரு அறை, ஒரு அடுப்படி. தனி அறை என்ற பேச்சுக்கே இடமில்லை. முதலில் வந்த இருவரைத் தோட்டத்துக் குடிசையில் தங்கச் சொன்னார்கள். ராத்திரி காட்டுமாடு வந்து நின்றதில் இருவரும் விடிய விடியப் பரண்மேல் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அப்போதுதான் அக்கா ரோட்டோரத்தில் பூட்டிக் கிடந்த காட்டேஜைக் காட்டினார். சுற்றுலாவே இல்லை, அறைகள் சும்மா கிடந்தன. முதலாளியிடம் பேசினோம். அவர் கேட்டது இரண்டு உத்தரவாதம்: கரண்ட் பில் நாங்கள் கட்ட வேண்டும், காலி செய்யும்போது பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவித் தர வேண்டும். நான்கு அறை, ஒவ்வொன்றுக்கும் தனிக் கழிப்பறை. இரண்டாம் அலைக்கும் அதுதான் கைகொடுத்தது.

முதல் அலையில் எங்கள் ஊருக்குள் நோய் வரவில்லை என்றே சொல்லலாம். 2021 மே மாதம் வந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த பத்துப் பேரிடமிருந்து தொடங்கி வீடு வீடாகக் காய்ச்சல். இப்போது அரிசி வாங்க யாரும் ஓடவில்லை. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இரண்டு வாங்கினோம். சாதாரண நாளில் ஆயிரத்துக்குள் கிடைக்கிற சாமான், அன்று ஒன்று மூவாயிரம்.

மலையில் ஆக்சிமீட்டர் பார்ப்பதில் சில சங்கதிகள் உண்டு. எங்களுக்குப் போனில் வழிகாட்டிய டாக்டர் ஒருவர் சொல்லிக்கொடுத்தவை இவை. விரல் சில்லிட்டிருந்தால் மீட்டர் கன்னாபின்னாவென்று காட்டும். காலை ஏழு மணிக்கு ஒரு பாட்டிக்கு 86 காட்டியது. வீடே அழ ஆரம்பித்துவிட்டது. கையை வெந்நீர்ச் சொம்பில் ஒற்றி, நன்றாகத் தேய்த்துவிட்டு, ஐந்து நிமிஷம் உட்காரவைத்துப் பார்த்தால் 95. மருதாணி, நகப் பாலிஷ் இருக்கும் விரலிலும் பார்க்கக் கூடாது. எண் நிலையாக நிற்கும்வரை ஒரு நிமிஷமாவது விரலை அசைக்காமல் வைக்க வேண்டும்.

இன்னொன்று, 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். ஆறாயிரம், ஏழாயிரம் அடி உயரத்தில் இருப்பவர்களுக்கு நல்ல உடம்பிலேயே சமவெளிக்காரர்களைவிட ஒன்றிரண்டு குறைவாகக் காட்டலாம். ஆகவே காய்ச்சல் இல்லாதபோதே, அறுபது தாண்டியவர்களுக்கெல்லாம் ஒரு தடவை பார்த்து அவரவர் பக்கத்தில் எழுதிவைத்தோம். வழக்கமாக 96 இருக்கிறவருக்கு 93 வந்தால் அது சேதி. உட்கார்ந்து பார்ப்பதோடு, வீட்டுக்குள்ளேயே ஆறு நிமிஷம் நடக்கவிட்டும் பார்க்கச் சொன்னார். நடந்தபின் மூன்று, நான்கு குறைந்தால் காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் குறைவது ஆளுக்குத் தெரியாமலே நடக்கும். பேசிக்கொண்டிருந்தவர், "எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்றவர், 84-இல் இருந்தார். அவரைக் குப்புறப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, தேனி க.விலக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ச் சேர்ந்தது ஒரு பகல் முழுக்க எடுத்த பயணம். பதினெட்டு நாள் கழித்து நடந்து வந்து இறங்கினார். எங்களுக்குக் கீழே ஆஸ்பத்திரி தூரம், அதனால் சமவெளியில் ஒருவர் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுகிற எண்ணை நாங்கள் இன்றைக்கே பார்த்தாக வேண்டும்.

நடுவில் காய்ச்சல் எனக்கே வந்தது. காட்டேஜில் மூன்றாம் நம்பர் அறை. அதுவரை கதவுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தவன், இப்போது உள்ளே. கஞ்சித் தூக்குச் சட்டியை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு ஓடுவார்கள். ஓடுவதுதான் வலித்தது. நானும் அப்படித்தான் ஓடியிருக்கிறேன் என்று ஞாபகம் வந்தது. ஆறடி தள்ளி நின்று இரண்டு நிமிஷம் பேசினால் ஒன்றும் வந்துவிடாது. அக்காவின் மகன் ஒருவன்தான் தினமும் எதிர்த் திட்டில் உட்கார்ந்து, ஊரில் யார் வீட்டு மாடு கன்று போட்டது, எந்தத் தோட்டத்தில் பன்றி இறங்கியது என்று ஒரு கால் மணி நேரம் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவான். குணமாகி வந்தபின் நோட்டில் ஒரு கட்டம் சேர்த்தேன்: 'பேச யார்?'

எங்கள் தெருவில் ஒருவர் தவறிப்போனார். பிரசர் மாத்திரை கேட்ட அந்த அப்பத்தாவின் தம்பி. ஆஸ்பத்திரியிலிருந்து பையில் சுற்றித்தான் கொடுத்தார்கள். இருபது பேருக்குமேல் கூடக் கூடாது. சொந்தக்காரர்கள் பலர் வரப் பயந்தார்கள். சுகாதாரத் துறை கொடுத்த கவச உடையைப் போட்டுக்கொண்டு நாங்கள் நான்கு பேர் தூக்கினோம். முகம் பார்க்க வேண்டும் என்று அப்பத்தா கேட்டது. கூட வந்த சுகாதார ஆய்வாளர், முகப்பக்கம் மட்டும் கொஞ்சம் திறந்து, தொடாமல், தள்ளி நின்று பார்க்கவிட்டார். அப்பத்தா அழவில்லை. "சட்டைய மாத்திவிட்டுருக்கலாம்" என்று மட்டும் சொன்னது. கேதம் கேட்க யாரும் வீட்டுக்குப் போக முடியாது என்பதால் அன்று ராத்திரி ஒன்பது மணிக்குத் தெருவில் எல்லோரும் அவரவர் வாசலிலேயே விளக்கோடு நின்றோம். யார் சொல்லி ஆரம்பித்தது என்று தெரியவில்லை.

தடுப்பூசிக்கு ஆட்களைச் சேர்ப்பது இன்னொரு பாடு. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-இல் ஊசி போட்டு, 17-இல் மாரடைப்பில் இறந்துபோனார். இறப்புக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் அப்போதே சொன்னார்கள், பின்னால் மத்திய அரசின் குழுவும் ஆராய்ந்து அதையே சொன்னது. ஆனால் எங்கள் மந்தையில் அந்த ஒரு பெயருக்கு முன்னால் எந்தப் புள்ளிவிவரமும் நிற்கவில்லை. வாட்ஸ்அப்பில் பதில் போட்டுப் பார்த்தேன். வீண். அப்புறம் வாதம் செய்வதை விட்டுவிட்டு நானும் அக்காவும் முதலில் போட்டுக்கொண்டோம். மறுநாள் எனக்குக் காய்ச்சல் அடித்ததை மறைக்காமல் சொன்னோம். "ஒரு நாள் ஒடம்பு வலிக்கும், அன்னிக்குத் தோட்ட வேலை வச்சுக்காதீங்க" என்று நாங்களே முன்கூட்டிச் சொன்னது, 'ஒண்ணும் ஆகாது' என்று அடித்துச் சொன்னதைவிட எடுபட்டது. கூலிக்காரர்களுக்குச் சாவைவிடப் பெரிய பயம், ஊசி போட்டால் இரண்டு நாள் கூலி போய்விடுமே என்பது. அதனால் முகாமைச் சனிக்கிழமை சாயங்காலம் வைக்கச் சொல்லி நர்சம்மாவிடம் கேட்டோம். செப்டம்பர் 12-இலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மெகா முகாம் வந்தபிறகு வேலை இன்னும் சுலபமானது. பளியர் குடியிருப்பில் அதே பாறையடியில் நாற்காலி போட்டு ஊசி போட்டார்கள். கையைக் காட்டி எங்களை நிறுத்திய அந்தப் பெரியவர்தான் முதல் ஆள்.

அதே வருஷம் ஆகஸ்டில் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. கொஞ்ச நாளில் எங்கள் ஊருக்கும் ஒரு பெண் தன்னார்வலர் வந்தார். பிரசர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும் என்றார். ஊரில் யார் யாருக்கு என்னென்ன என்று அவர் கேட்டபோது அக்கா நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஈரமும் மஞ்சளும் பட்டு, அட்டை கிழிந்து, நடுவில் இரண்டு பக்கம் எலி கடித்திருந்தது. அவர் ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் பிடித்துக்கொண்டார். சிவப்பு மையில் சுழித்திருந்த பெயர்களைப் பற்றிக் கேட்டார், பென்சில் பொட்டைப் பற்றியும் கேட்டார். பொட்டு எதற்கு என்பதை அக்கா அவர் காதில்தான் சொன்னார்.

இப்போது பஸ் ஓடுகிறது, மருந்து வீட்டுக்கு வருகிறது, ஜீப்புக்குச் சீசனில் ஓட்டம் இருக்கிறது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை காலையில் வண்டியைத் துடைக்கப் போனால் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு கவர் சொருகியிருக்கும். போன வாரம் இருந்த கவரில் நூறு ரூபாயும், தீர்ந்த கண் சொட்டு மருந்துக் குப்பியும், பேரனை எழுதச் சொல்லி ஒரு சீட்டும் இருந்தன. 'இது அந்த அம்மா குடுக்குறதுல வராதாம். நீ எப்புடியும் இன்னிக்குப் போவேல்ல?' அன்று கொடைக்கானலுக்கு எனக்கு வேலை எதுவும் இல்லை. வண்டியை எடுத்தேன்.